அரை விழுக்காட்டில் கவிழ்ந்த ஆட்சி

"கூட்டணி ஆட்சியா? அது நாலு நாள் கூத்து! காளை மேட்டுக்கு இழுக்கும், எருமை பள்ளத்துக்கு இழுக்கும், வண்டி குடைசாயும்!" - இப்படிக் கூறுவோரை எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் காண்கிறோம். கூறியவர்கள் அத்துடன் நிற்பதுமில்லை. அடுத்த சொல் ஒன்று அவர்தம் நாவிலே ஆயத்தமாக இருக்கும். "ஆகவே, வலிய கரம் ஒன்று வேண்டும், எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளில்லாத ஆட்சி வேண்டும்!" என்பதே அச்சொல். முதற்சொல் வேடிக்கை, இரண்டாம் சொல் விபரீதம்.

சான்று என்ன என்று கேட்டால், ஜெர்மனியைக் காட்டுவர். 1919-ம் ஆண்டு முதல் 1933-ம் ஆண்டு வரை, பதினான்கே ஆண்டுகளில், ஏறத்தாழ இருபது அமைச்சரவைகள்! ஒன்று போக ஒன்று வந்தது. வந்தது நிற்குமுன் கவிழ்ந்தது. இறுதியில் ஹிட்லர் வந்தான். பல கட்சி ஆட்சியின் பலனைப் பாரீர் என்பர். கேட்போர் தலையசைப்பர். நாமோ, தலையசைக்குமுன் வரலாற்று ஏட்டைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில், அதே நாட்களில், பால்டிக் கடலுக்கு அப்பால், பின்லாந்து என்றொரு சிறு நாடு இருந்தது. அங்கும் 1917-ம் ஆண்டுக்கும் 1939-ம் ஆண்டுக்கும் இடையே இருபதுக்கு மேற்பட்ட அமைச்சரவைகள் வந்து போயின. ஓர் அமைச்சரவையின் சராசரி ஆயுள், ஓராண்டு! ஆயினும், அங்கே மக்களாட்சி மாளவில்லை. நோய் ஒன்றே, ஒருவன் மாண்டான், மற்றொருவன் எழுந்து நடந்தான் என்றால், மாண்டவனைக் கொன்றது அந்த நோய்தானா என்று ஐயுறுவது அறிவுடைமை அன்றோ!

இரு குடியரசுகளும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். பின்லாந்தின் அரசியல் சட்டம் 1919-ம் ஆண்டு ஜூலை 17-ம் நாள் பிறந்தது. ஜெர்மனியின் அரசியல் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டு 11-ம் நாள் கையொப்பமாயிற்று. இடைவெளி இருபத்தைந்தே நாட்கள்! இரண்டிலும் பாராளுமன்றம் உண்டு. பாராளுமன்றத்துக்குப் பக்கத்திலே, பெரும் அதிகாரம் படைத்த குடியரசுத் தலைவரும் உண்டு. இரண்டும் பேரரசுகள் இடிந்து விழுந்த இடத்திலே முளைத்தவை. கைசர் அரசு போரில் தோற்றது. மன்னன் ஆலந்துக்கு ஓடினான். 1918-ம் ஆண்டு நவம்பர் 9-ம் நாள், பெர்லின் பாராளுமன்றக் கட்டடத்துச் சாளரத்தில் நின்று, ஷைடமான் என்ற சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் குடியரசைப் பிரகடனம் செய்தார். பின்லாந்தோ, ஜார் பேரரசின் பிடியிலிருந்து 1917-ம் ஆண்டு டிசம்பர் 6-ம் நாள் விடுதலை பெற்றது. விடுதலைக் களிப்பு அடங்குமுன் உள்நாட்டுப் போர் மூண்டது! செந்நிறத்தார் ஒருபுறம், வெண்ணிறத்தார் ஒருபுறம். 1918-ம் ஆண்டின் முதல் ஐந்து திங்களிலும், அதை அடுத்து வந்த சிறை முகாம்களிலுமாக, மாண்டவர் 36,000 பேருக்கு மேல். நாட்டின் மக்கள் தொகையோ முப்பது இலட்சத்தைச் சிறிதே கடந்தது! அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். ஊருக்கு ஊர் புதைகுழி.

இவ்விரண்டில் எது பிழைக்கும் என்று அன்று கேட்டிருந்தால், எவரும் ஜெர்மனி என்றே கூறியிருப்பர். தத்துவஞானிகளின் நாடு, தொழில் வளம் கொழித்த நாடு, கட்டுக்கோப்பான தொழிலாளர் இயக்கம் வளர்ந்த நாடு. பின்லாந்திலே என்ன இருந்தது? காடும், ஏரியும், கடுங்குளிரும், ஆறாப் புண்ணும்! ஆயினும் நடந்தது நேர்மாறு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஜெர்மனி. 1919-ம் ஆண்டு சனவரி 19-ம் நாள், அரசியல் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மகளிர் முதன்முறையாக வாக்களித்தனர். தலைநகரிலே துப்பாக்கிச் சத்தம் ஓயாததால், மன்றம் வைமார் என்ற சிற்றூரிலே கூடிற்று. அதனால்தான் அதற்கு வைமார் குடியரசு என்று பெயர். மூன்று கட்சிகள் கூடி ஆட்சி அமைத்தன. சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்கர்களின் மத்தியக் கட்சி, தாராளக் கொள்கையினரின் ஜனநாயகக் கட்சி - இம்மூன்றுக்கும் சேர்ந்து, நூற்றுக்கு 76 பேர் வாக்களித்திருந்தனர். யார் இவர்கள்? பிஸ்மார்க் காலத்திலே கத்தோலிக்கரும் நாட்டுப் பகைவர், சோஷலிஸ்டுகளும் நாட்டுப் பகைவர்! இரு சாராரையும் அவர் ஒடுக்கினார். இரு சாராரும் சிறை கண்டனர். ஒருவன் கோவிலுக்குப் போகிறவன். மற்றவன் கோவிலையே ஏற்காதவன். இவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து நாட்டுக்கொரு சட்டம் எழுதினர். இதைக் காளையும் எருமையும் என்பதா? நாம் இதை நாகரிகம் என்போம்.

அந்தக் கூட்டணி 1920-ம் ஆண்டுத் தேர்தலிலேயே பெரும்பான்மையை இழந்தது. மீண்டும் அதைப் பெறவே இல்லை. அதன் பிறகு, வேறு கட்சிகளைச் சேர்த்தும், சிறுபான்மையாக நின்றுமே ஆட்சிகள் அமைந்தன. ஆனாலும், அந்த ஆட்சிகள் தாங்கிய அடிகளை எண்ணிப் பாருங்கள். 1920-ம் ஆண்டு மார்ச்சிலே, கேப் என்பவரின் தலைமையில் படையினர் சிலர் பெர்லினைப் பிடித்தனர். தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். நான்கைந்து நாட்களில் கலகம் கலைந்தது. 1921-ம் ஆண்டிலே மத்தியக் கட்சித் தலைவர் எர்ஸ்பர்கரைச் சுட்டுக் கொன்றனர். 1922-ம் ஆண்டிலே வெளிநாட்டு அமைச்சர் ராத்தெனாவைக் கொன்றனர். 1923-ம் ஆண்டிலே பிரெஞ்சுப் படை ரூர் தொழிற்பகுதிக்குள் புகுந்தது. பணம் பதரானது! அந்த ஆண்டு நவம்பரில், ஒரு டாலருக்கு ஈடு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! ஆயுளெல்லாம் சேமித்த பணம், ஒரு ரொட்டித் துண்டுக்கும் போதவில்லை.

அந்த நேரத்தில் தலைமை அமைச்சராக வந்தவர் ஸ்ட்ரெஸமான். பழைய மன்னராட்சியில் பற்றுடையவர். போர்க் காலத்தில் நாடு பிடிக்கும் ஆசையை ஆதரித்தவர். முதலாளிகளின் கட்சித் தலைவர். அவர், சோஷலிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டு, நான்கு கட்சிக் கூட்டணி அமைத்தார். அவர் தலைமை அமைச்சராக இருந்தது நூறு நாட்களே! அந்த நூறு நாட்களில், ரூர் போராட்டத்தை முடித்தார். புதிய நாணயம் வந்தது. மியூனிக் நகரில் ஹிட்லர் நடத்திய கலகம் கலைந்தது. பிறகு அமைச்சரவைகள் மாறின; ஆனால் வெளிநாட்டு அமைச்சர் மாறவில்லை. 1929-ம் ஆண்டு அக்டோபரில் கண்மூடும் வரை, ஆறாண்டுக் காலம், ஸ்ட்ரெஸமானே அப்பொறுப்பில் இருந்தார். லொகார்னோ உடன்படிக்கை கண்டார்; சர்வதேச சங்கத்தில் ஜெர்மனிக்கு இடம் பெற்றுத் தந்தார்; 1926-ம் ஆண்டு, பிரான்சின் பிரியாண்டுடன் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இருபது அமைச்சரவை என்று விரல்விட்டு எண்ணுவோர், இந்த ஆறாண்டை எண்ண மறந்துவிடுகின்றனர்!

இன்னொன்றையும் மறக்கின்றனர். ஜெர்மனிக்குள்ளே பிரஷ்யா என்றொரு மாநிலம் இருந்தது. மாநிலம் என்று சொன்னாலும், நாட்டு மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வாழ்ந்த பகுதி அது. அங்கே ஆட்டோ பிரவுன் என்ற சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் தலைமை அமைச்சர். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கை தொடங்கி, பண்ணையாட்களின் உரிமைக்குப் போராடி உயர்ந்தவர். இடையில் இருமுறை சில திங்கள் விலகியிருந்தது தவிர, 1920-ம் ஆண்டு முதல் 1932-ம் ஆண்டு வரை அவரே கோலோச்சினார். எந்தக் கட்சிகளைக் கொண்டு? பெரும்பாலும் அதே மூன்று கட்சிகளின் கூட்டணியைக் கொண்டு! அதே மக்கள், அதே தேர்தல் முறை, அதே கட்சிகள். பெர்லின் நகரின் ஒரு தெருவிலே ஆட்சி ஆட்டம் காணுகிறது, அடுத்த தெருவிலே பன்னிரண்டு ஆண்டு நிலைத்து நிற்கிறது. குற்றம் கூட்டணி முறையில் என்றால், பிரஷ்யா ஏன் நின்றது?

அப்படியானால் குடியரசு எங்கே வீழ்ந்தது? இடத்தையும் நாளையும் சுட்டிக் காட்டலாம்.

1928-ம் ஆண்டு மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 491 இடங்களில் 12! ஹெர்மன் முல்லர் தலைமையில் ஐந்து கட்சிகள் கூடி ஆட்சி அமைத்தன. அடுத்த ஆண்டு, அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது; அதன் அலை ஜெர்மன் ஆலைகளின் கதவை மோதிற்று. 1927-ம் ஆண்டிலே, வேலையற்றோர் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியிருந்தனர். 1930-ம் ஆண்டின் தொடக்கத்திலேயே, வேலையற்றோர் முப்பது இலட்சத்தைத் தாண்டினர். காப்பீட்டு நிதி வற்றிற்று. என்ன செய்வது? உதவித் தொகையைக் குறை என்றது முதலாளிகளின் கட்சி. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தாவை உயர்த்து என்றனர் தொழிற்சங்கத்தினர். ஊதியத்தில் மூன்றரை விழுக்காடு போதுமா, நான்கு வேண்டுமா? இதுதான் வழக்கு! அரை விழுக்காடு! இப்போதைக்குத் தள்ளிவைப்போம் என்றொரு சமரசம் வந்தது. சோஷலிஸ்டு உறுப்பினர்கள், தொழிற்சங்கத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அதை ஏற்க மறுத்தனர். 1930-ம் ஆண்டு மார்ச் 27-ம் நாள் முல்லர் பதவி விலகினார்.

சோஷலிஸ்டுகள் மீது மட்டும் பழி சுமத்துவது முறையாகாது. ஏழையின் உதவித் தொகையைக் காப்பது அவர்களின் கடமை. மறுபுறத்தார் ஒரு படிகூட இறங்கி வர மனமற்று நின்றனர். அதைவிடப் பெரிய உண்மை, திரைக்குப் பின்னே இருந்தது. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்த படைத்தலைவர்களும் பண்ணையாரும், இந்த நாளுக்காகவே காத்திருந்தனர். சோஷலிஸ்டுகள் இல்லாத ஆட்சி, பாராளுமன்றத்தைக் கேளாத ஆட்சி - இதுவே அவர்கள் தீட்டிய திட்டம். கூட்டணிக் கட்சிகள் கதவைத் திறந்துவிட்டன. காத்திருந்தவர் உள்ளே நுழைந்தனர்.

ஹிண்டன்பர்க் எப்படி அந்தப் பீடத்துக்கு வந்தார் என்பதும் ஒரு பாடம். 1925-ம் ஆண்டுத் தேர்தலில் அவருக்குக் கிடைத்த வாக்கு ஒரு கோடியே 46 இலட்சத்துக்கு மேல். குடியரசுக் கட்சிகளின் வேட்பாளர் மார்க்ஸ் பெற்றது ஒரு கோடியே 37 இலட்சத்துக்கு மேல். வேறுபாடு ஒன்பது இலட்சம்தான். வெல்ல முடியாது என்று தெரிந்தும் தனியே நின்ற கம்யூனிஸ்டு வேட்பாளர் பெற்றது 19 இலட்சம்! கத்தோலிக்கரான மார்க்சுக்கு, பவேரியாவின் கத்தோலிக்கக் கட்சியே வாக்களிக்க மறுத்து, ஹிண்டன்பர்க்கை ஆதரித்தது. கூட மறுத்தவர்கள் கூடித்தான் அந்த முதிய தளபதியை அரியணை ஏற்றினர்!

அரசியல் சட்டத்தின் 48-ம் விதி, நெருக்கடி வேளையில் அவசர ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியிருந்தது. முதல் தலைவர் எபர்ட்டும் அதைப் பலமுறை பயன்படுத்தினார். குடியரசைக் காக்கப் பயன்படுத்தினார். ஹிண்டன்பர்க்கின் தலைமை அமைச்சர் புரூனிங் காலத்தில், பாராளுமன்றத்தை ஒதுக்கவே அவ்விதி கருவியாயிற்று. 1930-ம் ஆண்டு ஜூலையில் அவருடைய ஆணையைப் பாராளுமன்றம் தள்ளியது. ஆணை பிழை என்று ஒப்பாமல், பாராளுமன்றத்தையே கலைத்தனர்! செப்டம்பர் 14-ம் நாள் தேர்தல். பசியும் பதைப்புமாக மக்கள் வாக்களித்தனர். 12 இடம் வைத்திருந்த ஹிட்லர் கட்சி 107 இடம் பெற்றது.

அதன்பின் கணக்கைப் பாருங்கள். 1930-ம் ஆண்டில் பாராளுமன்றம் 94 நாட்கள் கூடிற்று. 1931-ல் 42 நாட்கள். 1932-ல் 13 நாட்கள்! 1930-ல் அது இயற்றிய சட்டங்கள் 98, அவசர ஆணைகள் 5. 1931-ல் சட்டங்கள் 34, ஆணைகள் 44. 1932-ல் சட்டங்கள் 5. ஆணைகளோ அறுபது அளவுக்கு! கட்சிகள் கூடிப் பேசிப் பேசிக் குடியரசைக் கெடுத்தன என்கின்றனர். ஏடு சொல்வது வேறு. கூடிக் கெடவில்லை, கூடாமல் கெட்டது! ஹிட்லர் வருவதற்கு முன்பே, மூன்று ஆண்டுக் காலம், ஜெர்மனியில் கூட்டணி ஆட்சி இல்லை. "வலிய கரம்" வேண்டுமென்றார்களே, அந்த வலிய கரம்தான் ஆண்டது. அதன் ஆட்சியிலேதான் வேலையற்றோர் அறுபது இலட்சமாயினர். அதன் ஆட்சியிலேதான் ஹிட்லர் வளர்ந்தான்!

1932-ம் ஆண்டு ஜூலை 20-ம் நாள், அடுத்த தலைமை அமைச்சர் பாப்பன், ஓர் ஆணையால் பிரஷ்ய அமைச்சரவையைப் பதவி நீக்கினார். ஏப்ரல் தேர்தலில் பெரும்பான்மை இழந்து, மாற்று ஆட்சி அமையும் வரை காத்திருந்த பிரவுனின் அமைச்சரவை, நீதிமன்றத்துக்குச் சென்றது, வீதிக்கு வரவில்லை. அதே மாத இறுதியில் நடந்த தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு 230 இடங்கள், கம்யூனிஸ்டுகளுக்கு 89. பாராளுமன்றமே வேண்டாம் என்ற இரு கட்சிகளும் சேர்ந்து பாதிக்கு மேல்! கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினரைச் "சமூக பாசிஸ்டுகள்" என்று ஏசிக்கொண்டிருந்தனர். நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் நாஜிகளுடன் தோளோடு தோள் நின்றனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர் நம் முன்னோர். இங்கே கூத்தாடி கையில் கொடுவாள் இருந்தது!

இன்னும் கேளுங்கள். 1932-ம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் ஹிட்லர் கட்சி இருபது இலட்சம் வாக்குகளை இழந்தது. 34 இடங்களை இழந்தது. அலை இறங்கத் தொடங்கிய நேரம் அது! அப்போதுதான், பாப்பனும் பிறரும் கிழத்தளபதியின் காதில் ஓதி, 1933-ம் ஆண்டு சனவரி 30-ம் நாள், ஹிட்லரைத் தலைமை அமைச்சராக்கினர். அமைச்சரவையில் அவனையும் சேர்த்து நாஜிகள் மூவரே. மற்றவர் பழைமைவாதிகள். இதுவும் கூட்டணிதானே என்று கேட்கலாம். ஆட்சி நடத்தக் கூடியவர்களல்லர் இவர்கள். பாராளுமன்றத்தைப் புதைக்கக் கூடியவர்கள். கூண்டில் அடைத்துவிட்டோம் என்று மனப்பால் குடித்தனர் பழைமைவாதிகள்; கூண்டின் சாவியையே புலியிடம் கொடுத்திருந்தனர்! மார்ச் 23-ம் நாள், சட்டமியற்றும் உரிமை முழுவதையும் ஹிட்லரிடம் ஒப்படைக்கும் சட்டம், 444-க்கு 94 என்ற வாக்கில் நிறைவேறிற்று. கம்யூனிஸ்டு உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. சோஷலிஸ்டு உறுப்பினர் பலர் சிறையில், சிலர் தலைமறைவில். அவைக்கு வர முடிந்த சோஷலிஸ்டுகள் 94 பேரும், சுற்றி நின்ற பழுப்புச் சட்டைப் படைக்கு நடுவே, எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் சார்பில் ஆட்டோ வெல்ஸ் எழுந்து மறுப்புரைத்தார். ஜெர்மன் பாராளுமன்றத்தில் அன்று ஒலித்த ஒரே ஆண்மைக் குரல் அது. ஜூலை 14-ம் நாள், ஒரே கட்சி தவிர மற்றெதற்கும் இடமில்லை என்று சட்டம் வந்தது. கூட்டணித் தொல்லை ஒழிந்தது. கூடவே நாடும் ஒழிந்தது!

இனி, வடக்கே செல்வோம்.

பின்லாந்திலே 1919-ம் ஆண்டு மார்ச்சில் தேர்தல் நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தோற்ற பக்கத்தைச் சேர்ந்த சமூக ஜனநாயகக் கட்சி, துப்பாக்கியைத் துறந்து வாக்குச் சீட்டை ஏந்தி நின்றது. 200 இடங்களில் 80 இடங்களை வென்றது! வென்ற பக்கத்தார் அதைத் தடுக்கவில்லை. செந்நிறத்தாரில் பலர் சிறையில் வாடினர், பலர் குடியுரிமை இழந்திருந்தனர் என்பது உண்மை. கம்யூனிஸ்டு கட்சிக்குச் சட்டப்படி இடமில்லை என்பதும் உண்மை. குறையற்ற மக்களாட்சி என்று நாம் கூறவில்லை. ஆனால் வாசல் அடைபடவில்லை. அந்தப் பாராளுமன்றம் முதல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, போரில் வென்ற தளபதி மானர்ஹைமுக்கு 50 வாக்கு. சட்ட அறிஞர் ஸ்டால்பெர்க்குக்கு 143 வாக்கு! வாளேந்திய வெற்றி வீரனை விட்டு, ஏடேந்திய நீதிமானைத் தேர்ந்தனர். அவர் சிறைப்பட்ட செந்நிறத்தார் பலருக்கு மன்னிப்பு வழங்கினார். உழவர் கட்சியின் கல்லியோ, 1922-ம் ஆண்டு, நிலமற்றோர் நிலம் பெறச் சட்டம் கொண்டுவந்தார். குடியரசு என்பது வெறும் சொல்லல்ல, கால்காணி நிலம் என்று கண்டான் ஏழை.

1926-ம் ஆண்டு டிசம்பரில், சமூக ஜனநாயகக் கட்சியின் டான்னர் தலைமை அமைச்சரானார். அடுத்த ஆண்டு மே மாதம், குடியரசுத் தலைவர் நோயுற்றிருந்ததால், வெண்ணிறத்தாரின் காவற்படை அணிவகுத்து வர, அவர்களின் வணக்கத்தை ஏற்றவர் அந்தச் சோஷலிஸ்டு தலைமை அமைச்சரே! ஒன்பதாண்டுகட்கு முன் ஒருவரையொருவர் சுட்டவர்கள்! இரு பக்கத்திலும் பலருக்குக் கசப்பு. இரு பக்கத்திலும் சிலருக்குச் சினம். ஆயினும் அணிவகுப்பு நடந்தது.

சோதனை வந்தது 1929-ம் ஆண்டு இறுதியில். லாப்புவா என்ற ஊரில் கிளம்பியது ஓர் இயக்கம். கம்யூனிஸ்டுகளை ஒழிப்போம் என்று தொடங்கிற்று, அச்சகங்களை உடைத்தது, ஆட்களைக் கடத்திற்று. 1930-ம் ஆண்டு ஜூலையில் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் ஹெல்சிங்கி நோக்கிப் பேரணி வந்தனர். ஆட்சி அவர்கட்கு அஞ்சி இணங்கிற்று. கம்யூனிஸ்டுகளைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. பசி தீர்ந்ததா? இல்லை! அக்டோபரில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்டால்பெர்க்கையும் அவர் துணைவியாரையும் வீட்டருகிலிருந்து கடத்தி, ரஷ்ய எல்லையை நோக்கிக் கொண்டு சென்றனர். நாடு திடுக்கிட்டது. நேற்று வரை "இளைஞர்களின் ஆர்வம்" என்று சொன்ன கனவான்கள், இன்று வாயடைத்தனர். 1931-ம் ஆண்டு ஸ்வின்ஹுவுட் என்பவர், 151-க்கு 149 என்ற வாக்கில், அதே ஸ்டால்பெர்க்கை வென்று குடியரசுத் தலைவரானார். லாப்புவாக் கூட்டம் தன் ஆள் வந்துவிட்டதாக மகிழ்ந்தது.

1932-ம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், மான்ட்சாலா என்ற ஊரில், சோஷலிஸ்டுகளின் கூட்டமொன்றைத் துப்பாக்கியுடன் தாக்கி, அங்கேயே பாசறை அமைத்து, அமைச்சரவை விலகவேண்டும் என்று மிரட்டினர். ஹிண்டன்பர்க்கையும் ஸ்வின்ஹுவுட்டையும் ஒப்பிடுங்கள். இருவரும் முதியவர், இருவரும் வலதுசாரி, இருவரும் ஒரு காலத்தில் மன்னராட்சி வேண்டியவர், இருவருக்கும் சோஷலிஸ்டு என்றால் கசப்பு. ஒருவர் கலகக்காரனை அழைத்து ஆட்சியைக் கொடுத்தார். மற்றவர், மார்ச் 2-ம் நாள், வானொலியின் முன் அமர்ந்து, வீடு திரும்புங்கள் என்று கலகக்காரருக்குக் கட்டளையிட்டார். படைத்தலைமையும் சட்டத்தின் பக்கம் நின்றது. சில நாட்களில் பாசறை கலைந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க எந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கினார்களோ, அதே குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தால் லாப்புவா இயக்கம் தடை செய்யப்பட்டது!

ஒரு முதியவரின் மன உறுதி மட்டும் நாட்டைக் காக்கவில்லை. அந்த இயக்கத்தின் வாரிசாக வந்த கட்சி, 200-ல் 14 இடங்களுக்கு மேல் பெறவில்லை. பழைமைக் கட்சியின் தலைவரான பாசிகிவி, அந்தக் கட்சியுடன் கொண்டிருந்த உறவை அறுத்தார். ஜெர்மனியில் பழைமைவாதிகள் கை கொடுத்தனர். பின்லாந்தில் கையை உதறினர்! சோஷலிஸ்டுகளும் ஆத்திரத்துக்கு ஆளாகாமல் பொறுத்து நின்றனர். 1936-ம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னும், ஸ்வின்ஹுவுட் அவர்களை ஆட்சியில் சேர்க்க மறுத்தார். அவர்கள் வீதியில் இறங்கவில்லை, அடுத்த தலைவர் தேர்தலுக்குக் காத்திருந்தனர். 1937-ம் ஆண்டு பிப்ரவரியில், அவர்கள் ஆதரவுடன், உழவர் கட்சியின் கல்லியோ வென்றார். மார்ச்சிலே, உழவரும் தொழிலாளரும் இணைந்த கூட்டணி, கயாண்டர் தலைமையில் ஆட்சி ஏறிற்று. செம்மண் கூட்டணி என்று அதற்குப் பெயர். சிவப்பு தொழிலாளியின் நிறம். மண் உழவனின் செல்வம். 1918-ல் சுட்டுக்கொண்டவர்கள், 1937-ல் ஒரே அமைச்சரவையில்!

1939-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் சோவியத் படை எல்லை கடந்தபோது, பழைய செந்நிறத்தாரும் பழைய வெண்ணிறத்தாரும் ஒரே பதுங்குகுழியில் நின்றனர். 1941 முதல் 1944 வரை அந்நாடு ஜெர்மனியுடன் சேர்ந்து போரிட்டது. அது அதன் வரலாற்றில் ஒரு கறை. ஆனால் அந்த நாட்களிலும் பாராளுமன்றம் மூடப்படவில்லை. சோஷலிஸ்டுகள் அமைச்சரவையில் இருந்தனர்.

ஜெர்மன் மக்களும் பின்னர்ப் பாடம் கற்றனர். 1949-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது, கூட்டணியைத் தடை செய்யவில்லை, கூட்டணியைப் பொறுப்புள்ளதாக்கினர். இருக்கும் தலைமை அமைச்சரை வீழ்த்த வேண்டுமா? அடுத்தவர் யார் என்று முதலில் கூடித் தேர்ந்தெடு. பிறகு வீழ்த்து என்றனர். இடிக்க மட்டும் கூடுவோருக்கு அங்கே இடமில்லை. அந்தக் குடியரசின் முதல் தலைவர் ஹாய்ஸ், 1933-ல் ஹிட்லருக்கு அதிகாரம் வழங்க வாக்களித்தவருள் ஒருவர் என்பதையும் நினைவில் கொள்வோம். அந்தப் பாடத்தின் விலை அவருக்குத் தெரியும். முதல் தலைமை அமைச்சர் அடெனோர், அறுதிப் பெரும்பான்மைக்குத் தேவையான 202 வாக்குகளை மட்டுமே, ஒன்றுகூட மிகையின்றிப் பெற்று, கூட்டணி அமைத்தார். பதினான்கு ஆண்டு ஆண்டார். அன்று தொட்டு ஜெர்மனியில் ஏறத்தாழ எல்லா ஆட்சியும் கூட்டணி ஆட்சியே. 1982-ம் ஆண்டு ஒரே ஒரு முறைதான், அந்த விதியின்படி ஒரு தலைமை அமைச்சர் வீழ்ந்து மற்றொருவர் வந்தார். 2024-ம் ஆண்டு நவம்பரில், வரவு செலவுத் தகராறில் மூன்று கட்சிக் கூட்டணி முறிந்தது. 2025 பிப்ரவரியில் தேர்தல், மே மாதத்தில் புதிய கூட்டணி. வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே, அமைச்சரவை எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணுவது கணக்கே அன்று. கவிழ்ந்தபின் எங்கே போயினர்? மீண்டும் பாராளுமன்றத்துக்கா, அல்லது கொல்லைப்புறத்து வழியே மாளிகைக்கா? இதுவே கேள்வி. பின்லாந்தில் ஒவ்வொரு முறை கவிழ்ந்தபோதும் மீண்டும் பாராளுமன்றத்துக்கே வந்தனர். ஜெர்மனியில் 1930-ல் மாளிகைக்குப் போயினர், திரும்பவில்லை. பகைவனாயினும் வாக்குச் சீட்டை மதிப்பவனோடு உட்கார்ந்து பேசலாம். நண்பனாயினும் வாக்குச் சீட்டைக் கிழிப்பவனோடு ஓரடிகூட நடக்கலாகாது. இதை அறிந்த நாடு, இளைய குடியரசானாலும் வாழ்ந்தது. அறியாத நாடு, அறிஞர் நிறைந்ததானாலும் அழிந்தது.

அரை விழுக்காட்டுக்காக ஆட்சியை விட்டவர்கள், மூன்றே ஆண்டில் சங்கத்தை இழந்தனர், காப்பீட்டை இழந்தனர், கட்சியை இழந்தனர், பலர் உயிரையும் இழந்தனர். விட்டுக்கொடுக்க மறுத்த முதலாளிகளின் கட்சியும் தப்பவில்லை. அதே கோடையில் அதுவும் கலைந்தது. எனவே, கூட்டணி என்றதும் கைகொட்டிச் சிரிப்போரைக் காணும்போது, ஒன்றைக் கேளுங்கள்: "இந்த வண்டி குடைசாயும் என்கிறீரே, நீர் காட்டும் மாற்று வண்டியிலிருந்து இறங்குவதற்கு வழி உண்டா?" விடை சொல்லாவிட்டால், அவர் விற்க வந்த சரக்கு என்ன என்பது விளங்கிவிடும்.

கூடி ஆள்வது கடினம். கூடாது ஆள்வது கொடுமை. கடினத்தைப் பழகிக்கொள்ளலாம், கொடுமையைப் பழகிக்கொள்ளல் ஆகாது!